ஆன்லைன் வகுப்பும் பிள்ளைகளின் அந்தரங்கமும்

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் வந்த ஆன்லைன் வகுப்பு, பள்ளிகள் திறந்த பிறகும் முழுமையாக வெளியேறவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. தேர்வு கூகுள் ஃபார்மில் நடக்கிறது. இதில் நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளையின் பெயர், முகம், மதிப்பெண், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் கூடவே வெளியே போகின்றன.

49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் இணையதளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதத்தில் அவர்களின் உரிமையை மீறின அல்லது ஆபத்துக்கு உள்ளாக்கின என்பது அதன் முடிவு.

நம் நாட்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் தடை உண்டு. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. கல்விப் பணிக்காகப் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அன்றாடக் கசிவு பெரும்பாலும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில்தான். 40 பிள்ளைகள் இருந்தால் 40 வீட்டு எண்களும் எல்லோருக்கும் தெரியும். தாய்மார்களின் எண்ணும் அதில் அடக்கம். மதிப்பெண் பட்டியலை அப்படியே படம் பிடித்துப் போடுவது இன்னும் மோசம். பின்தங்கிய பிள்ளையை ஊரறிய நிறுத்துவதற்குப் பெயர் கல்வி அல்ல. பள்ளியானாலும் மாலை நேர மக்தப் ஆனாலும், பொது அறிவிப்புக்கு வாட்ஸ்அப் சேனல் போதும். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளின் பெயரும் படமும் அங்கே வேண்டாம். மதிப்பெண்ணைத் தனித்தனியாக அனுப்பலாம்.

கூகுள் ஃபார்மில் ஆதார் எண், தந்தையின் வருமானம் என்று கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமல்ல என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதில்கள் சேரும் ஷீட்டை லிங்க் உள்ள எவரும் திறக்கும்படி ஆசிரியர் விட்டுவிடக் கூடாது.

வீடியோ வகுப்பில் கேமரா பிள்ளையை மட்டும் காட்டுவதில்லை. பின்னால் நடமாடும் வீட்டுப் பெண்களையும் காட்டுகிறது. பின்னணியை மங்கலாக்கும் வசதி ஸூமிலும் கூகுள் மீட்டிலும் இருக்கிறது. கேமரா இல்லையென்றால் வருகைப் பதிவு இல்லை என்பது தேவையற்ற கண்டிப்பு. பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டாலே பிள்ளை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வகுப்பைப் பதிவு செய்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையும் சேர்த்து.

பள்ளி மாறும்போது டிசி வாங்குகிறோம். அன்றே செயலியில் உள்ள பிள்ளையின் கணக்கை நீக்கும்படியும், குரூப்பிலிருந்து எண்ணை எடுக்கும்படியும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.