எட்டாவது மீன்

செமோரில் சீனர் மளிகைக்கடைகள் வருட முடிவில் காலண்டர் கொடுக்கும். ஒரு வருடம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததில் ஒரு சீனத்து ஆறு. ஈப்போ சுண்ணாம்புக் குன்றுகள் மாதிரியே மலைகள், கீழே மூங்கில் தெப்பம், கிழவர், லாந்தர், இரண்டு கறுப்புப் பறவைகள். "காக்காவ வச்சா மீன் புடிக்கிறானுங்க?" என்றார் அம்மா. அப்பா கடையில் விசாரித்துவிட்டு வந்தார். பறவையின் கழுத்தில் கயிறு கட்டியிருக்குமாம். பெரிய மீன் தொண்டைக்குள் இறங்காது, கக்கவைத்து எடுத்துக்கொள்வார்களாம். பால் வாளியைக் கழுவிக்கொண்டே அவரே கேட்டார்: "அப்ப அதுக்கு என்னா கூலி?"

அப்பாவின் கேள்வியோடுதான் பிற்பாடு இந்த வரலாற்றைப் படித்தேன்.

அம்மா சொன்னதிலும் தப்பில்லை. தமிழில் அதன் பெயரே நீர்க்காகம். 636-இல் முடிக்கப்பட்ட சீனத்துச் சுய் வம்ச வரலாறு, ஜப்பானியர் இதன் கழுத்தில் வளையம் மாட்டி மீன் பிடிக்கவிட்டதாகச் சொல்கிறது. ஒரு நாளைக்கு நூறு மீனுக்கு மேலாம். ஐரோப்பாவுக்குச் செய்தி கொண்டுபோனவர்களில் ஒருவர் ஒதோரிக் என்ற இத்தாலியத் துறவி. நம்ம ஊர்ப்பக்கம் வந்து போனவர். மயிலாப்பூரில் புனித தோமையார் கோயிலைப் பார்த்து எழுதிவிட்டு, சுமத்ரா, ஜாவா வழியாகச் சீனா போனார். 1320-களில் அங்கே அவர் தங்கிய வீட்டுக்காரர் ஒரு பாலத்துக்கு அழைத்துப்போய் வேடிக்கை காட்டினார். படகில் கொம்புகளில் பறவைகள். ஆள் அவற்றின் தொண்டையைக் கயிற்றால் கட்டி நீரில் விட்டான். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கூடை நிறைந்தது. அதன்பிறகு கயிறுகளை அவிழ்த்துவிட்டான், பறவைகள் தங்களுக்குப் பிடித்துத் தின்றன. வயிறு நிறைந்ததும் தாமாகவே திரும்பி வந்தன, மறுபடி கட்டினான். அந்த மீனைத் தானும் சாப்பிட்டதாக ஒதோரிக் 1330-இல் பதுவா நகரில் சொல்லி எழுதவைத்தார்.

ஆக, கூலி உண்டு. வேலை முடிந்த பிறகு.

இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதை அரண்மனை விளையாட்டாக்கி, ஜான் வுட் என்பவரைப் பறவைகளுக்குப் பொறுப்பாக வைத்தார். ஜப்பானின் நகாரா ஆற்றில் கதை வேறு. 1890 முதல் அங்குள்ள பறவைக்காரர்கள் அரச இல்லத்தின் ஊழியர்கள், பரம்பரைப் பதவி. மே 11 தொடங்கி அக்டோபர் 15 வரை, படகு முனையில் தீக்கூடை எரிய, ஒருவர் பத்துப் பன்னிரண்டு கயிறுகளை ஒரே கையில் சிக்காமல் பிடித்திருப்பார். கழுத்துக்கட்டை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் வித்தை. சின்ன மீன் பறவைக்கு, பெரியது ஆளுக்கு.

காலண்டரில் இருந்தது குவாங்சியின் லீ ஆறு. அங்கேதான் அப்பாவுக்குப் பிடித்திருக்கக்கூடிய சங்கதி. ஏழு மீன் கொண்டுவந்தால் எட்டாவது பறவைக்கு என்பது சில மீனவர்களின் வழக்கம். ஏழு முடிந்தும் கட்டைத் தளர்த்தவில்லையென்றால் பறவை அசையாது. அதட்டினாலும், தள்ளிவிட்டாலும், நீரில் இறங்காது. பமேலா எக்ரிமாண்ட், மிரியம் ராத்ஸ்சைல்ட் என்ற இரு பெண்கள் இதை 1979-இல் ஓர் ஆய்விதழில் எழுதி, பறவை ஏழு வரை எண்ணுகிறது என்றார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அது எண்ணிக்கையா, பழகிப்போன பசியா? ஆனால் மறுத்து உட்கார்ந்துவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

தாத்தா கங்காணி கூட்டிவந்த ஆள். அவர் காட்டுக்கு வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. அப்பா காலத்தில் கங்காணி போய்விட்டார், தராசு இருந்தது. கிராணி பால் நிறுக்கும்போது அப்பாவின் கண் முள்ளைவிட்டு நகராது. எத்தனை வாளி என்று மனசுக்குள் கணக்கு வைத்திருப்பார். குறைத்து எழுதினால் கேட்பாரா என்றால், பெரும்பாலும் கேட்கமாட்டார்.

நம்ம பக்கம் நீர்க்காகத்தைப் பழக்கியவர்களைப் பற்றி நான் படித்ததில்லை. நீர்நாய் உண்டு. சங்கப் பாட்டில் வாளை தின்னும் அதே நீர்நாய். வங்கதேசத்தின் நடைல் பகுதியில் மீனவர்கள் அதற்கு வார் பூட்டி, மூங்கிலில் கட்டி, வலைப்பக்கம் மீனை விரட்டவைக்கிறார்கள். பிடிப்பது வலைதான், அதனால் கழுத்தை இறுக்கும் வேலை இல்லை. அந்தத் தொழிலும் இப்போது தேய்கிறது. லீ ஆற்றிலோ, தெப்பக்காரர்களில் பலர் சுற்றுலாக்காரர்களுக்கு லாந்தரேற்றி நிற்கிறார்கள். படத்துக்குக் காசு. பறவை இறக்கை விரித்து நின்றால் போதும், முங்கவே வேண்டாம்.