தாண்டிச் செல்ல முடியாத வாசிப்பு: வாராந்தரத் தோராப் பகுதியும் கொச்சியின் முன்கூடமும்

ஒரு சமயநூலை இரண்டு விதமாக வாசிக்கலாம். விழாவுக்கும் வேளைக்கும் ஏற்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து வாசிப்பது ஒரு முறை. முதல் எழுத்தில் தொடங்கி, ஒன்றையும் விடாமல், வாரந்தோறும் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து முடிவுவரை வாசிப்பது மற்றொரு முறை. முதல் முறையில் வாசிப்பவர் நூலை ஆள்கிறார். இரண்டாவதில் நூல் வாசிப்பவரை ஆள்கிறது. யூதர்கள் தோராவுக்கு இரண்டாவது முறையைத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வின் விளைவு என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே, கொச்சியில், ஒரு வரலாறு உண்டு. வாராந்தர வாசிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதிலிருந்து கிடைக்கும் அறிவுரைகளையே எழுதுகிறார்கள். அவ்வாசிப்புக்கு அழைக்கப்படும் உரிமைக்காக நடந்த போராட்டத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். மோசேயின் ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். ஓர் ஓய்வுநாளுக்கு ஒன்று வீதமும், ஆண்டின் வாரங்கள் போதாதபோது சில பகுதிகளை இணைத்தும் வாசித்து, ஓராண்டில் நூல் முழுவதையும் முடிப்பார்கள். சிம்ஹாத் தோரா என்னும் திருநாளில் உபாகமத்தின் கடைசி வரிகளை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்கிவிடுவார்கள். முடிவுக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஒருநாள் இடைவெளிகூட இல்லை.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் உருவானதன்று. பாபிலோனிய அடிமைவாசத்திலிருந்து திரும்பிய மக்களைக் கூட்டி எஸ்றா நியாயப்பிரமாண நூலை வாசித்ததை நெகேமியாவின் நூல் விவரிக்கிறது. ஆண்களும் பெண்களும் கேட்டு அறியத்தக்க யாவரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதையும் அது தவறாமல் குறிப்பிடுகிறது. எருசலேமில் கிடைத்த தியோடோட்டஸ் கல்வெட்டு, கி.பி. 70-இல் ஆலயம் அழிவதற்கு முற்பட்டதாகக் கருதப்படுவது. தொழுகைக்கூடம் கட்டப்பட்டதன் நோக்கமாக நியாயப்பிரமாணத்தை வாசிப்பதையும் கட்டளைகளைக் கற்பிப்பதையும் அது சொல்கிறது. பலிபீடம் அழிந்த பிறகு யூத வாழ்வின் நடுவில் நின்றது இந்த வாசிப்பே.

எத்தனை காலத்தில் முடிப்பது என்பதில் மட்டும் நெடுங்காலம் ஒற்றுமை இல்லை. பாபிலோனியர் ஓராண்டில் முடித்தனர். பாலஸ்தீனத்தார் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பயணம் செய்த துதேலா நகரத்துப் பெஞ்சமின், எகிப்தில் இவ்விரு வழக்கங்களையும் பின்பற்றிய இரண்டு தொழுகைக்கூடங்களைக் குறிப்பிடுகிறார். சிம்ஹாத் தோரா அன்று இரு சாராரும் சேர்ந்தே வழிபட்டனர் என்றும் எழுதுகிறார். காலப்போக்கில் பாபிலோனிய வழக்கமே நிலைபெற்றது. அதே பெஞ்சமின் கொல்லத்து யூதர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்நாட்டு மக்களைப் போலவே அவர்களும் கறுத்த நிறத்தவர், மோசேயின் சட்டத்தையும் தீர்க்கதரிசிகளையும் அறிந்தவர் என்பது அவர் தரும் செய்தி. நிறத்தைச் சொல்லும் அவர் அதில் குறை எதையும் காணவில்லை என்பதை மனத்தில் கொள்வோம்.

இனி, இக்கட்டுரையின் அச்சாணியான விதி. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், மெகில்லா என்னும் பகுதி பொது வாசிப்பின் நெறிகளைத் தருகிறது. தீர்க்கதரிசிகளின் நூல்களில் இடையிடையே தாண்டிச் சென்று வாசிக்கலாம். தோராவில் தாண்டக் கூடாது என்கிறது அது. சங்கடமான பகுதிகளை ஆசிரியர்கள் அறியாமல் இல்லை. ரூபன் தன் தந்தையின் துணைவியோடு கூடிய செய்தியைப் போன்ற சிலவற்றை வாசிக்கலாம், ஆனால் மக்கள் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே நூல் சலுகை தருகிறது. கட்டளைகளை மீறினால் நேரும் சாபங்களின் நீண்ட பட்டியலை இடையில் நிறுத்தி இருவருக்குப் பகிர்ந்து வாசிக்கக் கூடாது என்கிறது. பிற்காலத்தில் அச்சாபங்களைத் தாழ்ந்த குரலில் வாசிக்கும் வழக்கம் பரவியது. அவற்றுக்காக அழைக்கப்படுவதைப் பலர் விரும்பியதில்லை. குரலைத் தாழ்த்தலாம், பொருள் சொல்லாமல் விடலாம். வாசிக்காமல் விட மட்டும் முடியாது. தன்னைக் குற்றம்சாட்டும் வரியையும் ஒரு சமூகம் ஆண்டுக்கொரு முறை தன் வாயாலேயே சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

அடுத்தது, யார் வாசிப்பது என்ற கேள்வி. ஓய்வுநாளில் ஏழு பேரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதலில் ஆசாரியக் குலத்தவர், அடுத்து லேவியர், பிறகு மற்றவர். இந்த வரிசையும் சச்சரவைத் தவிர்க்கவே என்று மிஷ்னா காரணம் சொல்கிறது. அந்த எழுவரில் யாரும் அடங்கலாம், பெண்ணும் சிறுவனும்கூட அடங்கலாம் என்று தல்மூத் ஒரு பழைய மரபைப் பதிவு செய்கிறது; உடனே, சபையின் மரியாதையை முன்னிட்டுப் பெண் வாசிக்க வேண்டியதில்லை என்றும் சேர்க்கிறது. நூல் தடுக்காததை மரியாதை தடுத்த இடம் இது. இந்த வழியைக் கொச்சியிலும் காண்கிறோம்.

மலபார் யூதர்களின் பழமை நாம் அறிந்ததே. ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் உரிமைகள் வழங்கிய செப்பேடு, கி.பி. 1000-ஐ ஒட்டியது, வட்டெழுத்தில் அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் மேற்காசியாவிலிருந்து வந்தவர்களும் கொச்சியில் குடியேறினர். வெளியிலிருந்து வந்தமையால் ‘பரதேசி’ என்று பெயர் பெற்ற இவர்கள், 1568-இல் மட்டாஞ்சேரியில் அரண்மனையை அடுத்துத் தங்களுக்கென ஒரு தொழுகைக்கூடத்தை எழுப்பினர். நாளடைவில் இவர்கள் ‘வெள்ளை யூதர்’ என்றும், பழைய மலபாரிகள் ‘கறுப்பு யூதர்’ என்றும் குறிக்கப்பட்டனர்.

இப்பிரிவினை தோன்றிய காலத்திலேயே அது சட்டத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவின் பெரும் அறிஞர் டேவிட் இப்னு சிம்ராவுக்கு ஒரு வினா சென்றது. குலப்பெருமை பேசும் ஒரு சிறுபான்மையினர், மற்றவர்களை அடிமைவழியினர் என்று சொல்லி மண உறவை மறுக்கின்றனர். இது சரியா என்பது வினா. அவர் மலபார் யூதர்களை யூதர்களாகவே ஏற்றார். ஐயம் இருப்பின் முறையான சடங்கு நீராட்டு அதை நீக்கிவிடும். அதன்பின் மணத்துக்குத் தடையில்லை என்றார். பின்னர் எகிப்தின் மற்றோர் அறிஞரான யாக்கோபு காஸ்ட்ரோவும் அவ்வழியிலேயே தீர்ப்பளித்தார். கொச்சியில் அத்தீர்ப்புகள் செயலுக்கு வரவில்லை.

மலபாரிகளுக்குத் தங்களுக்கெனத் தொழுகைக்கூடங்கள் இருந்தன. எனவே வாசிப்பு அவர்கள் கையிலேயே இருந்தது. பரதேசிகளைச் சார்ந்திருந்த ‘மெஷுஹ்ராரிம்’ நிலைதான் கொடியது. அச்சொல்லுக்கு விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். பரதேசி வீடுகளின் அடிமைகளாக இருந்து யூத நெறிக்குள் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்றோரும், அவர்களின் வழித்தோன்றல்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். முறைப்படி விடுவிக்கப்பட்டவர் முழு யூதரே என்பது யூதச் சட்டம். ஆயினும் பரதேசித் தொழுகைக்கூடத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் முன்கூடம். தோரா வாசிப்புக்கு அழைக்கப்படும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

கொச்சித் தொழுகைக்கூடங்களின் கட்டடக்கலையில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. கூடத்தின் நடுவிலுள்ள மேடையைத் தவிர, மேல்மாடத்திலும் ஒரு வாசிப்பு மேடை இருக்கும். ஓய்வுநாள்களிலும் திருநாள்களிலும் தோரா அங்கிருந்தே வாசிக்கப்பட்டது. கீழே முன்கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள், மேலிருந்து வரும் குரலில் ஆண்டுதோறும் எவற்றையெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் எகிப்திலிருந்து மீண்ட கதை வரும். விருத்தசேதனம் பெற்ற அடிமையும் பஸ்காவை உண்ணலாம் என்றும், சுதேசிக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்றும் அங்கே வரும். சில வாரங்களில், சீனாய் மலைக் காட்சிக்கு அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே, எபிரேய அடிமையை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்ற சட்டம் வரும். பெரும்பாலும் ஜூன் மாதத்தில், மலபாரில் பருவமழை பெய்யும் காலத்தில், எண்ணாகமத்தின் ஒரு பகுதி வரும். மோசே மணந்த கூஷ் நாட்டுப் பெண்ணைக் காரணமாக்கி மிரியாமும் ஆரோனும் அவரைப் பழித்தார்கள். மிரியாமின் தோல் உறைபனிபோல் வெண்மையாயிற்று. ஏழு நாள் அவள் பாளையத்துக்கு வெளியே விலக்கி வைக்கப்பட்டாள். அப்பழிப்பின் காரணத்தை உரையாசிரியர்கள் பலவாறு விளக்குகின்றனர். எல்லோரும் நிறத்தைச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளை என்றும் கறுப்பு என்றும் பிரிந்த ஊரில், வெளிக்கூடத்தில் அமர்த்தப்பட்ட ஒருவரின் செவிக்கு அக்கதை எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல உரையாசிரியர் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நூல் முழுவதும் விடுதலையின் குரல் என்று சொல்வது வரலாறாகாது. பிற இனத்து அடிமைகளை நிரந்தர உடைமையாக வைத்துக்கொள்ளலாம் என்று லேவியராகமம் சொல்கிறது; அதுவும் தாண்டப்படாமல் வாசிக்கப்பட்டதுதான். மேலும், பல தலைமுறைகள் கேட்டும் பரதேசிகள் மனம் மாறவில்லை. தொடர் வாசிப்பு யாரையும் நீதிமானாக்கிவிடவில்லை. அது செய்தது வேறு. மறுக்கப்பட்டவருக்கு, மறுத்தவரின் புனித நூலையே சான்றாக்கியது. எந்தத் தலைமுறையிலாவது ஒருவர் எழுந்து நின்று கேட்கும்போது, அவர் காட்ட வேண்டிய வரி யாராலும் நீக்கப்படாமல் அங்கே இருந்தது.

அப்படி எழுந்து நின்றவர் ஆபிரகாம் பராக் சாலேம் (1882–1967). மெஷுஹ்ராரிம் குடும்பத்தில் பிறந்தவர், வழக்கறிஞர், தொழிற்சங்கப் பணியாளர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர். காந்தியின் சத்தியாகிரகத்தைத் தம் சொந்தத் தொழுகைக்கூடத்துக்குள் கொண்டுசென்றார். ‘யூத காந்தி’ என்ற பெயரும் அதனால் வந்தது. கொச்சிக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லாத வைக்கத்தில் 1924–25-இல், பெரியாரும் பங்கேற்ற போராட்டம் நடந்தது. அங்கே கேட்கப்பட்டது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமை. சாலேமின் மக்கள் கேட்டது கூடத்துக்குள் அமரவும், பெயர் சொல்லி வாசிப்புக்கு அழைக்கப்படவும் உரிமை. முறையை அவர் காந்தியிடமிருந்து பெற்றார்; உரிமையின் ஆதாரம் வாரந்தோறும் அவர் கேட்டு வளர்ந்த நூலிலேயே இருந்தது. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. அக்குடும்பங்களில் ஒன்றில் பிறந்த ரூபி டேனியலின் நினைவுக்குறிப்பு 1995-இல் நூலாக வெளிவந்தது. அவ்வாழ்வை உள்ளிருந்து பதிவு செய்த அரிய ஆவணம் அது.

இதற்குள் காலம் வேறொரு திசையில் திரும்பியது. 1950-களில் மலபார் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்; அதற்கு வழிவகுத்தவர்களில் சாலேமும் ஒருவர். அவரோ கொச்சியிலேயே தங்கி, கொச்சியிலேயே மறைந்தார். மறு ஆண்டு, 1968-இல், பரதேசித் தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா நடந்தது, பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அதன்பின் சமூகம் விரைவாகச் சுருங்கியது.

மிஷ்னாவின் மற்றொரு விதியை இங்கே சொல்ல வேண்டும். பத்துப் பேர் கூடினாலன்றித் தோராவைப் பொதுவில் வாசிக்க முடியாது; மரபுவழி அந்தப் பத்துப் பேரும் ஆடவர். இன்று மட்டாஞ்சேரியில் அந்த எண்ணிக்கை நிறைய வேண்டுமானால் வெளியூரிலிருந்து வருவோர் துணை வேண்டும். சமூகம் சுருங்கக் காரணம் குடிபெயர்வு. பழைய விலக்கத்தின் தண்டனை என்று அதை விளக்குவது தவறு. ஆயினும், யாரை அழைக்கலாம், யாரை அழைக்கலாகாது என்று தலைமுறைகளாகக் கணக்குப் பார்த்த ஒரு கூடத்தில், அழைப்பதற்கே ஆள் போதாத நாள் வந்தது என்பது வரலாற்று உண்மை. வாசிப்பு நூலைச் சார்ந்தது மட்டுமன்று, கூடும் மனிதர்களையும் சார்ந்தது என்பதை மிஷ்னாவின் அந்த எண் முன்பே சொல்லிவிட்டது.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் ஒன்று உண்டு. நாமும் பழைய நூல்களை வாசிப்பவர்கள். பெரும்பாலும் தேர்ந்தெடுத்து வாசிப்பவர்கள். நம் மரபுக்குப் பெருமை தரும் பாடலை மேடையில் சொல்கிறோம். சிறுமை தரும் கல்வெட்டை அடிக்குறிப்பில் வைக்கிறோம், அல்லது தாண்டிவிடுகிறோம். தாண்டாதே என்று ஒரு சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்டது. அந்த விதிக்கு அது எப்போதும் உண்மையாக வாழவில்லை. ஆனால் விதியை அழிக்கவும் இல்லை. அதனால்தான் முன்கூடத்தில் அமர்ந்திருந்தவர்களின் பேரன் ஒருநாள் உள்ளே வந்து, தன் பெயரையும் சொல்லி அழைக்குமாறு கேட்க முடிந்தது.