சிறகும் சீட்டும்

கடலூர் முதல் சிதம்பரம் வரை, எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வளரும் கொல்லைகளில், சிறகில் வால் கொண்ட கருநிற வண்ணத்துப்பூச்சியை நாம் அடிக்கடி காண்கிறோம். 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதன் ஆணைப் 'பம்மோன்' என்றும், பெண்ணைப் 'பாலிட்டஸ்' என்றும் இருவேறு இனங்களாக எழுதினார். 1775இல் டச்சு நாட்டுக் கிராமர், மற்றொரு கோலத்துப் பெண்ணை 'ரோமுலஸ்' என்றார். மூன்றும் ஓரினமே என்று 1865இல் ஆங்கிலேய அறிஞர் வாலஸ் விளக்கினார். ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளைத் தின்று நஞ்சேறிய வேறு பூச்சிகளின் கோலத்தைப் பூண்டே இப்பெண்கள் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. ஒருதாய் முட்டைகளிலிருந்தே பல கோலங்கள் பிறக்கக்கூடும்.

ஆகவே கோலம் வேறு, துணையினம் வேறு. துணையினம் என்பது வாழும் நிலத்தால் பிரிந்த கிளை. இந்திய நிலப்பரப்பின் கிளைக்கே இன்று 'ரோமுலஸ்' என்று பெயர். அந்தமானுக்கு ஒன்று, நிக்கோபாருக்கு ஒன்று எனத் தனிக்கிளைகள் உண்டு. எனவே பேழையில் குத்திவைத்த பூச்சியைப் பிரித்தறிய, சிறகோடு அதன் அடியிலுள்ள சிறு சீட்டையும் படிக்கவேண்டும். பிடித்த ஊரும் நாளும் அதில்தான் உள்ளன. சீட்டை இழந்த பூச்சி அழகாயிருக்கலாம், சான்று ஆகாது. தோற்றத்தை மட்டும் கண்டு உடன்பிறப்புகளை அயலாராக்கிய பிழையை அறிஞரும் செய்தனர் என்பதை நாம் மறவாதிருப்போம்.