கூண்டில் பெருகிய புலிகள்

ஓர் உயிரினம் எண்ணிக்கையில் பெருகினால் அது காப்பாற்றப்பட்டுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். சீனப் புலிப்பண்ணைகளின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

1950களில் சீன அரசு புலியைத் தீங்கு செய்யும் விலங்காகக் கருதி வேட்டையை ஊக்குவித்தது. அக்காலத்தில் தென்சீனப் புலிகள் ஏறத்தாழ 4000 இருந்தன என்பது கணிப்பு. இன்று அவ்வினம் காட்டில் இல்லை என்றே கொள்ளப்படுகிறது. காடு வெறுமையானபோதும் சந்தை ஓயவில்லை. புலி எலும்பு மூட்டுநோய் தீர்க்கும், அதை ஊறவைத்த மது வலுவூட்டும் என்பது அங்கு வழிவழி வந்த நம்பிக்கை.

இந்நிலையில்தான் 1986இல் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்து ஹெங்டாவோஹெட்ஸியில் எட்டுப் புலிகளோடு ஒரு பண்ணை தோன்றியது. மருந்துக்கு எலும்பு தருவதே அதன் நோக்கம். 1993இல் சீனா உள்நாட்டு எலும்பு வணிகத்தைத் தடைசெய்து, மருந்து நூலிலிருந்தும் புலி எலும்பை நீக்கியது. நோக்கம் போயிற்று, பண்ணைகள் போகவில்லை. சுற்றுலாக் காட்சியின் பெயரால் மேலும் பெருகின.

காட்டில் குட்டிகள் ஏறத்தாழ ஈராண்டு தாயுடன் திரியும். அதுவரை அவள் பொதுவாக மறுபடி ஈனுவதில்லை. பண்ணையிலோ குட்டிகளை விரைவில் பிரித்துவிடுவதால் தாய் மீண்டும் சினையாகிறாள். மூன்றரை மாதத்தில் அடுத்த ஈற்று. இறந்தவற்றின் உடல்கள், தடை நீங்கும் நாளை எதிர்பார்த்து உறைகிடங்குகளில் சேர்கின்றன.

பண்ணை எலும்பு மலிந்தால் காட்டு வேட்டை ஒழியும் என்பது உரிமையாளர் வாதம். கணக்கு அதற்கு இசையவில்லை. பண்ணைப் புலிக்குப் பல்லாண்டு இறைச்சி இட வேண்டும். கள்ள வேட்டைக்காரனுக்கு ஒரு கம்பிக் கண்ணியோ சிறிது நஞ்சோ போதும். அன்றியும், காட்டுப் புலியின் எலும்பே வீரியமுள்ளது என நம்புவோர் அதற்கே கூடுதல் விலை தருவர். சட்டபூர்வமான சந்தை ஒன்று இருந்தால், திருட்டு எலும்பு அதற்குள் எளிதில் கலந்துவிடும். அதன் விலையை நம் நாடு அறியும்: 1993இல் தில்லியில் 287 கிலோ புலி எலும்பு பிடிபட்டது, 2005இல் சரிஸ்காக் காட்டில் ஒரு புலியும் மிஞ்சவில்லை என்பது வெளிப்பட்டது.

உறுப்பு வணிகத்துக்காகப் புலி வளர்க்கலாகாது என 2007இல் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. எனினும் 2018 அக்டோபரில் வளர்ப்புப் புலியின் எலும்பை மருத்துவத்துக்கு அனுமதிப்பதாகச் சீனா அறிவித்தது. எதிர்ப்பு எழவே அடுத்த மாதமே அதைத் தள்ளிவைத்தது. விலக்கியது அன்று, தள்ளிவைத்தது என்பதை நாம் கருத வேண்டும்.

தாய்லாந்தின் காஞ்சனபுரி விகாரையிலிருந்து 2016இல் 147 புலிகள் மீட்கப்பட்டன. அங்கே உறைபெட்டியில் நாற்பது குட்டிகளின் உடல்கள் கிடந்தன. மீட்கப்பட்டவற்றுள் 86 புலிகள் 2019க்குள் மாண்டன. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருக்கியதால் வந்த நலிவும் அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது.

2023 கணக்கின்படி உலகக் காடுகளில் இருப்பவை ஏறத்தாழ 5574 புலிகள். சீனா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளின் கூண்டுகளில் எட்டாயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. இனம் கலந்தும் மனிதரை அண்டியும் வளர்ந்த அவற்றைக் காட்டுக்குத் திருப்புவது அரிது. பெருகியது புலியன்று, சரக்கு.