தனி த்ரெட்டும் ஒரு பைட் சீட்டும்

புனேயில் நம்மூர் டிபனுக்காக நான் போகும் மெஸ்ஸில், ஆர்டர் எடுப்பவரேதான் தோசையும் ஊற்றுவார். கல்லில் தோசை இருக்கும்போது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். 2008-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு போனிலும் இதே கதைதான். தொடுதலைக் கேட்பது, திரையை மாற்றுவது எல்லாம் ஒரே மெயின் த்ரெட். தொட்டபின் ஐந்து நொடிக்குள் பதில் வராவிட்டால், 'செயலி பதிலளிக்கவில்லை' என்று போன் கைவிரித்துவிடும்.

2009-இல் என்டிகே என்ற கருவித்தொகுப்பு வந்து, சி, சி++ எழுத வழி பிறந்தது. ஆனால் ஜாவா கூப்பிட்டால்தான் அந்த நிரல் ஓடும். கேம் எழுதுகிறவர்களுக்கோ, ஓயாமல் சுழலும் சொந்த லூப் வேண்டும். 2010 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 2.3, நேட்டிவ் ஆக்டிவிட்டியைக் கொண்டுவந்தது. கூடவே என்டிகேயில் வந்த 'நேட்டிவ் ஆப் க்ளூ' என்ற சின்ன நிரல், கேமின் இவென்ட் லூப்பைத் தனி த்ரெட்டில் ஓட்டியது. மெயின் த்ரெட் ஒரு பைப்பில் ஒரு பைட் சீட்டு எழுதிப் போடும். லூப் அதை எடுத்துப் படிக்கும்.

சமையலுக்குத் தனி ஆள் வந்தாச்சு, இனி கவலையில்லை என்றுதான் நானும் நினைத்தேன். என் சின்ன கேம் அப்படியே உறைந்து நின்றது! ஒரு ராத்திரி தூக்கம் போனபின்தான் புரிந்தது: கேமை விட்டு வெளியே போகும்போது, தனி த்ரெட் அந்தச் சீட்டைப் பார்க்கும்வரை மெயின் த்ரெட் காத்தே நிற்கும். என் லூப்போ படங்களை லோடு செய்வதில் மூழ்கியிருந்தது.

தனி ஆள் போட்டால் போதாது மக்களே, வேலைக்கு நடுவே சீட்டையும் பார்க்கணும். ஊரிலிருந்து வரும் அம்மாவின் போனுக்கும் இது பொருந்தும் :-)