நண்பர் முகத்தில் பயின்ற கலை

கொச்சி நகரின் தென்கோடியில் காயலை ஒட்டி அமைந்த ஊர் இடக்கொச்சி. அவ்வூரில் வாழும் தமிழ் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் நாம் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். நண்பர் புகைப்படம் பிடிக்கப் புதிதாகப் பழகி வருபவர். வந்தவர் அனைவரையும் ஒருவர் பின் ஒருவராகச் சன்னல் அருகே அமர்த்தி, தலையைச் சற்றே திருப்பச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பாதிப் படங்கள் பழுதாயின; எவரும் வருந்தவில்லை. பின்னர், பெட்டியிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய பாட்டனார் பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்த நாளில், உடன் வந்த மூவரோடு எடுத்துக்கொண்ட படம் அது. பாட்டனாரை அடையாளம் கண்டார்கள். மற்ற மூவர் யாவர் என்று சொல்ல அவ்வீட்டில் இன்று ஒருவரும் இல்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது.

பழகுவதற்கு நண்பரை அமர்த்துவதும், அமர்ந்தவர் பெயர் மறைந்து போவதும் ஆகிய இவ்விரண்டும் ஒருவரது வாழ்க்கையிலேயே கூடி நிற்கும் வரலாறு ஒன்று உண்டு. அது கல்கத்தாவில் தொடங்கி இலங்கை மலைநாட்டில் முடிவது. தமிழராகிய நமக்கும் அதில் பங்கு உண்டு.

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1836இல் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது, வானநூல் அறிஞர் ஸர் ஜான் ஹெர்ஷலின் நட்பு அம்மையாருக்குக் கிடைத்தது. படம் ஒளியில் மங்கி விடாமல் நிலைபெறச் செய்ய இன்றும் பயன்படும் ‘ஹைப்போ’ உப்பின் இயல்பைக் கண்டறிந்தவர் ஹெர்ஷலே. 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின், அதன் செய்திகளையும் மாதிரிப் படங்களையும் அவர் கடிதத்தோடு கல்கத்தாவுக்கு அனுப்பி வைத்தார். எனினும், அம்மையார் தாமே காமிராவைத் தொட மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1838இல் அம்மையார் சார்ல்ஸ் ஹே கேமரனை மணந்தார். பத்தாண்டுகளுக்குப் பின் குடும்பம் இங்கிலாந்து சென்றது; 1860இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியமர்ந்தது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் காமிரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. கற்பிக்க ஆசிரியர் இல்லை. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டு படப்பிடிப்புக் கூடம் ஆயிற்று.

அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்றிப் பரப்பவேண்டும்; வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்கவேண்டும்; ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி உருவை வெளிக்கொணரவேண்டும். அம்மையாரின் முதல் முயற்சிக்கு அமர்ந்தவர் அவ்வூர் உழவர் ஒருவர். மணிக்கு இரண்டரை ஷில்லிங் கூலி. படமும் நன்றாகவே விழுந்தது. ஆனால் பழக்கமின்மையால் அம்மையார் தகட்டின் ஈரப்பக்கத்தில் கையை வைத்துத் தேய்த்துவிட, உருவம் முழுதும் அழிந்து போயிற்று. அடுத்து இரண்டு குழந்தைகளை அமர்த்தினார். பாதியில் ஒரு குழந்தை சிரித்துவிட, அந்தத் தகடும் வீணாயிற்று. பின்னர் ஆனி பில்பாட் என்ற சிறுமியைத் தனியே அமர்த்தி, நீ அசைந்தால் என் மருந்தும் உழைப்பும் பாழாகும் என்று கெஞ்சினார். சிறுமி இரங்கி அசையாதிருந்தாள். 1864 ஜனவரியில் எடுத்த அந்தப் படத்திற்கு ‘என் முதல் வெற்றி’ என்று பெயரிட்டு, அன்றே அச்சிட்டுச் சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையிடம் சேர்ப்பித்தார்.

அதன்பின் வீட்டுக்கு வந்த எவரும் தப்பவில்லை. அண்டைவீட்டுக் கவிஞர் டென்னிசன், ஓவியர் வாட்ஸ், முதிர்ந்த வயதை எய்திய ஹெர்ஷல் ஆகியோர் மட்டுமல்லர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் எத்தனையோ முறை கன்னி மரியாளாக வீற்றிருந்தாள். ஒரு படத்திற்கு மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் இருக்கவேண்டும். அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோவை அழைத்து வந்த டென்னிசன், இந்த அம்மையார் சொல்வதையெல்லாம் செய்தே தீரவேண்டும், உம்மில் மிச்சம் என்ன இருக்கிறதென்று பிறகு வந்து பார்க்கிறேன் என்று கூறிச் சென்றதாகச் சொல்வர். அயலார் இத்துன்பத்தைப் பொறுப்பரோ? நண்பர் பொறுப்பர், மறுநாளும் வருவர். நட்பு அன்றோ அம்மையாருக்குப் பள்ளிக்கூடம்!

படங்களில் கூர்மை இல்லை, கறை படிந்துள்ளது என்று புகைப்பட ஏடுகள் குறை கூறின. அம்மையார் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் வில்லையைத் திருகுவதை நிறுத்திவிடுவது அவர் வழக்கம். லண்டன் சவுத் கென்ஸிங்டன் பொருட்காட்சிச்சாலை 1865இல் அவர் படங்களை வாங்கியது. 1868இல் படம் எடுக்க இரண்டு அறைகளையும் அளித்தது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டில் காமிரா வேறொரு பணியையும் செய்துகொண்டிருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக ‘இந்திய மக்கள்’ என்னும் நூல் வெளிவந்தது. அதில் நம்மவர் முகங்கள் பெரும்பாலும் இன்ன சாதி, இன்ன குலம் என்பதற்கு மாதிரிகளாகவே அச்சேறின. நண்பர் முகத்தைப் பார்க்கும் கண் ஒன்று. கணக்கெடுக்கும் கண் மற்றொன்று.

இவ்விரு கண்களும் சந்தித்த இடம் இலங்கை. சார்ல்ஸ் கேமரன் அரசாங்கக் குழுவின் உறுப்பினராக இலங்கை சென்று, பின்னர் அங்கே தோட்டங்கள் வாங்கியவர். பிரெஷ்வாட்டர் வீட்டுக்கே மலைநாட்டுத் திம்புளத் தோட்டத்தின் பெயரைத்தான் சூட்டியிருந்தனர். 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பிப் பயிரை அழித்து வந்த காலத்தில், 1875இல், தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். அத்தோட்டங்களில் உழைத்தவர் தமிழர். தென்பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் புறப்பட்டு, கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தவர்கள். வழியிலேயே மாண்டோர் பலர்.

அம்மையார் அங்கும் காமிராவை விடவில்லை. 1877இல் களுத்துறை இல்லத்திற்கு விருந்தினராக வந்த ஓவியர் மேரியன் நார்த் அம்மையாரை, 96 டிகிரி வெப்பத்தில் கம்பளிச் சால்வை போர்த்தி, தென்னங்கீற்றின் நடுவே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். மேரியன் நார்த் தம் நினைவுக் குறிப்பில் மற்றொன்றும் எழுதியிருக்கிறார். ஒரு மனிதனின் முதுகு மிக எடுப்பாக இருந்ததென்று, தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் மகனை வற்புறுத்தினாராம். முதுகு வரலாற்றில் இடம் பெற்றது, பெயர் பெறவில்லை.

இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தமிழ்த் தொழிலாளர் முகங்கள் உண்டு. இடுப்பில் கைவைத்து நேரே நோக்கும் இளம்பெண் உண்டு. தாடி நரைத்த முதியவர் உண்டு. டென்னிசனுக்குத் தந்த ஒளியையும் பொறுமையையும் அம்மையார் இவர்களுக்கும் குறைவின்றித் தந்தார். 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்தின்கீழ்க் குறிப்பும் எழுதினார்: பெண்ணின் வயது 12, தந்தை தமக்கு நூறு வயது என்று சொல்கிறார். வயதைக் கேட்டு எழுதிய கை பெயரைக் கேட்டு எழுதவில்லை.

1879 ஜனவரியில் அம்மையார் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார். பொகவந்தலாவை மாதா கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். பிரெஷ்வாட்டர்ப் பணிப்பெண்ணின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. நம் மக்களின் முகங்கள் பெயரின்றி நிற்கின்றன. கலை குறைவுபட்டதால் அன்று. அவர்கள் நண்பராகக் கொள்ளப்படாமையால்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் படம் பிடிப்போரே. ஏழு நிமிடம் அமர வேண்டியதில்லை, தகடும் பழுதாவதில்லை. ஆதலால் கலை பயில விரும்புவோர் தம் நண்பரிடமே தொடங்கட்டும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது இரட்டைக் கடமை. உடன் உழைப்பவரை, அடுத்த வீட்டாரை, ஊரிலிருந்து நம்மோடு புறப்பட்டவரைப் படம் எடுப்போம். எடுத்ததில் ஒரு பிரதியை அவர் கையில் கொடுப்போம்.

இடக்கொச்சி நண்பர் அன்று மாலை எடுத்த படங்களைச் சில நாட்களில் அச்சிட்டு அனுப்பியிருந்தார். நம் முகம் சற்றே மங்கலாகத்தான் விழுந்திருந்தது. பின்புறம் திருப்பிப் பார்த்தோம். அமர்ந்தவர் பெயரும், அவர் பிறந்த ஊரும், நாளும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.