சேப்பாக்கத்தின் கைதட்டலும் கோட்டைமேட்டுத் தேநீர்க் கடையும்



சில வாரங்களுக்கு முன் மாலை மக்தப் முடிந்து பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். பதினான்கு வயது மாணவன் ஒருவன் தயங்கியபடி நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், பாகிஸ்தான்காரன் நல்லா பந்து போட்டா நாம கை தட்டலாமா?” என்று கேட்டான். நாம் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொருவன், “நீ தட்டுடா, பட்டாசு நான் வாங்கித் தர்றேன்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

அந்தப் பட்டாசு வேடிக்கை அப்பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்நாட்டில் வழங்கி வருவது. அதைச் சொன்னவனுக்கு அதன் வரலாறு தெரியாது. கேட்டவனுக்கும் தெரியாது, ஆனால் அதன் சூடு மட்டும் எப்படியோ அவனுக்கு உறைத்திருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடும்போது நமக்கு நினைவில் வந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டில் மதத்தைக் கொண்டுவந்தவர்கள் இக்காலத்து இளைஞர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். பம்பாயில் அது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போட்டியின் பெயரிலேயே இருந்தது. முதலில் ஐரோப்பியரும் பார்சிகளும் மோதினார்கள். 1907இல் இந்துக்கள் அணி சேர்ந்தது. 1912இல் முஸ்லிம்கள் அணி சேர்ந்தது. 1937இல் கிறிஸ்தவர் முதலான ஏனையோருக்கும் ஓர் அணி அமைந்து, அது ஐந்து அணிப் போட்டியாயிற்று. ஆடுபவன் எந்தச் சமுதாயத்தில் பிறந்தானோ அந்தச் சமுதாயத்திற்கே ஆட வேண்டும், பார்ப்பவனும் அப்படியே ஆர்ப்பரிக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாவைச் சேர்ந்தவர்கள் காந்தியடிகளிடம் கருத்துக் கேட்டபோது, விளையாட்டில் இத்தகைய வகுப்புப் பிரிவினை தமக்குப் புரியவில்லை, பம்பாய் மக்கள் இதனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பொருள்பட அவர் கூறினார். அதன் பின்னரும் சில ஆண்டுகள் போட்டி நடந்து, 1946இல்தான் முடிவுக்கு வந்தது.

ஆயினும் அந்தப் போட்டியைக் கசப்பின் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. 1944ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் முஸ்லிம்கள் அணி இந்துக்கள் அணியை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. கே.சி. இப்ராஹிம் சதம் கடந்து கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். நாடு பிளவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலத்தில் நடந்த ஆட்டம் அது.

கல்கத்தாவில் நடந்தது அதனினும் வியப்பானது. 1945 இறுதியில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணி அங்கு ஆட வந்தபோது, இந்திய அணியில் இந்தூரைச் சேர்ந்த சையித் முஷ்தாக் அலியின் பெயர் இல்லை. 1936இல் மான்செஸ்டரில் சதமடித்து, வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் கண்ட முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றவர் அவர். கல்கத்தா மக்கள் கொதித்தெழுந்தார்கள். தேர்வாளராக இருந்த துலீப்சிங்ஜியைச் சூழ்ந்துகொண்டு, முஷ்தாக் இல்லையேல் டெஸ்ட் இல்லை என்று முழங்கினார்கள். முஷ்தாக் அணியில் சேர்க்கப்பட்டார். ஓராண்டுகூட நிறையவில்லை, 1946 ஆகஸ்டில் அதே நகரத்தின் வீதிகளில் மதத்தின் பெயரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஒரு முஸ்லிம் வீரருக்காகக் குரல் கொடுத்த நகரமும் அதுதான், இதுவும் அதுதான். எந்தக் கூட்டத்தையும் ஒரே சொல்லால் நல்லது என்றோ கெட்டது என்றோ முத்திரை குத்த நமக்கு மனம் வராதிருப்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

நம் மதராஸில் முறை வேறாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலம் தொட்டு 1950களின் தொடக்கம் வரை, பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த மாகாணப் போட்டியில் ஐரோப்பியர் ஓரணி, இந்தியர் அனைவரும் மற்றோர் அணி. சீக்கியரான ஏ.ஜி. ராம்சிங்கும் எம்.ஜே. கோபாலனும் ஒரே அணியில் நின்றார்கள். இதனால் மதராஸில் பேதமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சாதியின் வாசற்படி அங்கும் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் எந்த மதத்தவன் எந்த அணிக்குக் கை தட்ட வேண்டும் என்ற கணக்கு நம் ஊர் மைதானத்தில் எழுதப்படவில்லை.

விடுதலைக்குப் பின் அந்தக் கணக்கு வேறு உருவில் வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அப்பாஸ் அலி பேக், 1959இல் இங்கிலாந்தில் தம் முதல் டெஸ்டிலேயே சதமடித்தவர். 1960–61இல் பாகிஸ்தான் அணி இந்தியா வந்தபோது அவரால் ஓட்டங்கள் எடுக்க முடியவில்லை. வேறொருவர் என்றால் ஃபார்ம் போய்விட்டது என்று சொல்லி விட்டிருப்பார்கள். அவருக்கோ, வேண்டுமென்றே ஆட்டமிழந்தார் என்று பழி சுமத்தும் கடிதங்கள் வந்தன. மீண்டும் டெஸ்ட் ஆட அவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய சோதனை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. 1990இல் பிரிட்டனின் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, அங்குக் குடியேறிய ஆசியர்கள் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்பதை அவர்களின் விசுவாசத்திற்கு அளவுகோலாக முன்வைத்தார். நம் ஆட்களிடம் பாகிஸ்தானைச் சுட்டிக் கேட்கும் கேள்வியை அங்கே இந்துவிடமும் சீக்கியரிடமும் இந்தியாவைச் சுட்டிக் கேட்டார்கள். முத்தையா முரளிதரனின் கதையும் நாம் அறிந்ததே. தமிழர் என்று இங்கு அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, இலங்கைக் கொடியின் கீழ் ஆடினார் என்று தூற்றியவர்களும் உண்டு. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களில் ஆடவே கூடாது என்று தமிழக அரசு தடுத்தது. போரில் மாண்டவர்களுக்கான நம் மக்களின் வேதனை உண்மையானது. ஆனால் அதற்குப் பந்து வீசுபவன் எப்படிக் கணக்குச் சொல்வான் என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்ததும், 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியானதும் இவ்வூரார் எவரும் மறக்க முடியாதவை. அதற்குப் பின் கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் நின்றன. வெளியே போகும்போதும் வரும்போதும் பெயரையும் ஊரையும் சொல்லிப் பழகிய இளைஞர்களில் நாமும் ஒருவர். அந்த நிலையில்தான் 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி இந்தியா வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நம் மண்ணில் இரு நாடுகளும் மோதிய டெஸ்ட் தொடர். அதை எதிர்த்த சிவசேனையினர் டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். கடைக்காரர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தே வைத்திருந்தார். இந்தியாவின் இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றிக்கு 17 ஓட்டங்களே இருக்கையில் சக்லைன் முஷ்தாக்கின் பந்தில் ஆட்டமிழந்தார். அடுத்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சாய்ந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. தோற்ற அணியின் தலைவர் முஹம்மது அசாருதீன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எங்களுள் சச்சினுக்காகக் கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். சக்லைனின் அந்தப் பந்தைக் கண்டு வாய் பிளந்தவர்களும் இருந்தார்கள். அவரே அந்த ஆட்டத்தில் பத்து விக்கெட் எடுத்தவர். நம் அருகில் இருந்தவன் தன்னையறியாமல் இரு கைகளையும் தூக்கினான். “கையைக் கீழ போடு தம்பி. வெளியில வேன் நிக்குது” என்றார் கடைக்காரர். அவன் கைகள் மடிக்குத் திரும்பின.

அப்போது திரையில் சேப்பாக்கம் தெரிந்தது. சிறிது நேரம் மயான அமைதி. பிறகு ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் அரங்கம் முழுவதும் பரவியது. தோல்வியில் துவண்டிருந்த பல்லாயிரம் பேர் எழுந்து நின்று தட்டினார்கள். வாசிம் அக்ரமின் அணியினர் அதைக் கண்டு திகைத்து, மைதானத்தைச் சுற்றி ஓடி நன்றி சொன்னார்கள். கிரிக்கெட் எழுதுபவர்கள் இன்றுவரை அதைப் புகழ்கிறார்கள், புகழத் தகுந்ததே. கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அவங்க தட்டலாமுங்க. நாம தட்டினா அது வேற.”

அதே ஆட்டம், அதே பந்து. சென்னையில் அது பெருந்தன்மை என்று பெயர் பெற்றது. எங்கள் கடையில் அது குற்றச்சாட்டாகிவிடும் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. பெருந்தன்மை காட்டுவதற்கும் ஒருவனை முதலில் நம்ப வேண்டியிருக்கிறது. நம் மாணவன் கேட்டது கை தட்டுவது ஹலாலா ஹராமா என்ற ஃபத்வாவை அல்ல, இதைத்தான் என்று இப்போது நினைக்கிறோம்.

நேர்மைக்காக இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று அந்த எட்டுப் பேரில் ஒருவன் பாகிஸ்தான் வென்றதற்காகவே மகிழ்ந்தான். சாவடியில் பட்ட அவமானத்திற்கு அது அவனுக்கு மருந்தாகத் தோன்றியது. தெருவின் பெரியவர் ஒருவர் அவனைக் கண்டித்தார்: “லாகூர்ல உனக்கு யாரு இருக்கா? இது அவன்மேல பாசமில்ல, இவன்மேல கோபம். கோபத்தை இவன்கிட்டயே நேரா சொல்லு.” அவர் சொன்னது சரியே. மார்க்கம் ஒன்று என்பதால் அணியும் ஒன்று என்று வாதிடுபவர்கள், வங்காளதேசம் ஏன் தனி அணியாக ஆடுகிறது என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 23 அன்று அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட்டில் வென்றது. அன்று இந்த வாதக்காரர்கள் எந்தப் பக்கம் தட்டினார்களோ!

பட்டாசுக்கு வருவோம். 2015 உலகக் கோப்பையின்போது ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. 1992 முதல் பட்டாசை வைத்துக்கொண்டு, இந்தியாவை வெல்லும் நாளுக்காக ஏங்கி நிற்கும் கராச்சி ரசிகன் ஒருவன் அதில் வருவான். நாமும் சிரித்துத்தான் பார்த்தோம். அது நல்ல நகைச்சுவை. எதிரணி ரசிகனைக் கேலி செய்வது விளையாட்டின் உப்பு. ஆனால் அந்தப் பட்டாசை கராச்சியிலிருந்து எடுத்து இங்கே நம் பக்கத்து வீட்டு பாயின் கையில் வைக்கும்போது அது நகைச்சுவையாக நிற்பதில்லை. 2017 ஜூன் 18 அன்று சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் பாகிஸ்தான் வென்றது. மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் மாவட்டத்தில், அதற்காகப் பட்டாசு வெடித்துக் கோஷமிட்டார்கள் என்று கூறி ஒரு கிராமத்து முஸ்லிம்கள் பதினைந்து பேரைத் தேசத் துரோகக் குற்றச்சாட்டில் பிடித்துச் சென்றார்கள். பின்னர் அப்பிரிவு கைவிடப்பட்டது. எனினும் வழக்கு ஓடியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2023இல், நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. சிரித்தவர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கமாட்டார்கள்.

ஹுஜ்ராத் அத்தியாயம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுக்கிறது. இதை நாம் பிறருக்கு எதிராக மட்டும் எடுத்துக்காட்டிப் பழகிவிட்டோம். பட்டாசு வாங்கித் தருகிறேன் என்ற நம் மாணவனுக்கும் அதே வசனம்தான்.

நபித்தோழர்களும் போட்டி பார்த்தவர்கள், தோல்வியில் வாடியவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. நபி (ஸல்) அவர்களின் ‘அள்பா’ என்ற ஒட்டகத்தை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகவும் மனவருத்தமாயிற்று என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதை முகங்களில் கண்ட நபியவர்கள், உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அவர்களுக்கு உணர்த்தினார்கள். முந்திய கிராமவாசியை எவரும் ஒரு சொல் சொன்னதாக அந்த அறிவிப்பில் இல்லை.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றபோது பதினொரு பேரும்தான் தோற்றார்கள். ஆனால் வசை முஹம்மது ஷமி ஒருவர்மீது அவர் மதத்தைச் சொல்லிப் பொழிந்தது. ஒருவரை மதத்தின் பெயரால் தாக்குவதைவிட இழிவானது இல்லை என்று அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் பின் அவருடைய கைக்குழந்தைக்கே மிரட்டல் வந்தது.

ஒரு மாதம் கழிந்தது. நவம்பர் 22, டெல்லி. 1999இல் ஆடுகளம் தோண்டப்பட்ட அதே மைதானம், இப்போது வேறு பெயரில். கல்கத்தா மக்கள் யாருக்காக முழங்கினார்களோ அந்த சையித் முஷ்தாக் அலியின் பெயரால் வழங்கும் கோப்பையின் இறுதியாட்டம், தமிழ்நாடும் கர்நாடகமும். கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் வேண்டும். மட்டை பிடித்து நின்றவர் நம் ஷாருக் கான். கோவை கிங்ஸ் அணிக்கு ஆடுபவர் என்பதால் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர் போல. பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

அன்று நாம் உக்கடத்தில் ஒரு கைப்பேசிக் கடை வாசலில் நின்றிருந்தோம். உள்ளே குங்குமம் வைத்தவரும் தொப்பி அணிந்தவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாம் கை தட்டினோம். தட்டிய பிறகுதான், வாசலில் வேன் நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.